கடல் அட்டையும் இளமை மருந்து நம்பிக்கையும்

கடல் அட்டை, நட்சத்திர மீனைப் போல முட்தோலிகள் தொகுதியைச் சேர்ந்த முதுகெலும்பற்ற கடல் உயிரி. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் மணலும் சேறும் கலந்த தரையில் வாழ்கிறது. உலர்ந்த கடல் அட்டை இளமையையும் ஆண்மையையும் காக்கும் என்று சீனாவிலும் கிழக்காசியாவின் பிற பகுதிகளிலும் நெடுங்காலமாக நம்பப்படுகிறது. இராமநாதபுரம் கடற்கரையில் அது தொடர்ந்து கடத்தப்படுவதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

நம்பிக்கையின் வேர்

ஆபத்து நேர்ந்தால் சில கடல் அட்டை இனங்கள் தம் குடலையே வெளியே தள்ளிவிட்டுத் தப்பும். சில வாரங்களில் புதுக்குடல் வளர்ந்துவிடும். உடலைப் புதுப்பிக்கும் உயிரியைத் தின்றால் அந்த ஆற்றல் நமக்கும் வரும் என்ற எண்ணம் இங்கே எளிதில் பற்றிக்கொள்கிறது. சில திகில் படங்களும் இதை ஒத்த எண்ணத்தின் மீதே நிற்கின்றன. ரோஜர் கோர்மனின் ‘தி வாஸ்ப் வுமன்’ (1959) படத்தில் அழகுசாதன நிறுவன முதலாளி குளவிகளிடமிருந்து எடுத்த சாற்றை ஏற்றிக்கொண்டு இளமை பெறுகிறாள். பிறகு குளவியாகவே மாறுகிறாள். ‘தி சப்ஸ்டன்ஸ்’ (2024) படத்திலும் இளமை தரும் ஊசி மருந்து உடலைச் சிதைக்கிறது.

ஆய்வு சொல்வது

கடல் அட்டையில் புரதமும் கொலாஜனும் மிகுதி. அதன் உடற்சுவரிலுள்ள ஒருவகைச் சல்பேட் சர்க்கரைச் சேர்மம் இரத்தம் உறைவதைத் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. அதிலுள்ள ஹோலோதூரின் என்ற நச்சு மீன்களைக் கொல்லக்கூடியது. ஆனால் ஆய்வகக் குடுவையில் தெரிவது வேறு, மனித உடலில் நிகழ்வது வேறு. கடல் அட்டை மனிதரின் முதுமையைத் திருப்பும் என்று நிறுவப்படவில்லை. உண்ட கொலாஜனும் மற்றப் புரதங்களைப் போலவே வயிற்றில் செரித்துச் சிதைகிறது.

வணிகமும் தடையும்

தடைக்கு முன் இராமநாதபுரம் கடற்கரையில் அதிகம் விலைபோனது வெள்ளை அட்டை என்ற கடல் அட்டை இனம். வயிற்றைக் கீறிக் குடலை நீக்கி, வேகவைத்து, ஈர மணலில் புதைத்து வைப்பார்கள். மேல்தோலின் சுண்ணப்படிவு இளகியதும் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்து, வெயிலில் காயவைப்பார்கள். உலர்ந்தபின் எடை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். பிடித்தவர்களும் பதப்படுத்தியவர்களும் இதை உண்டதில்லை. சரக்கு முழுவதும் ஏற்றுமதிக்கே போனது.

1982இல் 3 அங்குலத்துக்குக் குறைவான உலர் அட்டையின் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1988இல் தூத்துக்குடியில் வெள்ளை அட்டைக் குஞ்சுகளை உற்பத்தி செய்து காட்டியது. 2001இல் கடல் அட்டைகள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வலையில் தானாகச் சிக்கியதை வைத்திருந்தாலும் குற்றமே என்பதால், தடையைத் தளர்த்துமாறு மீனவர்கள் கேட்டு வருகின்றனர். இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கவும் பண்ணையில் வளர்க்கவும் வழியிருக்கிறது. அதனால் மண்டபம், வேதாளை, தொண்டி பகுதிகளிலிருந்து படகில் இலங்கைக்குக் கடத்தப்படும் சரக்கு, அங்கிருந்து கிழக்காசியச் சந்தைகளுக்குப் போகிறது.

சூழலில் அதன் பங்கு

கடல் அட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள கழிவை உண்டு, சுத்தமான மணலை வெளியேற்றுகிறது. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் நீரில் விடுவதால், அருகருகே போதிய எண்ணிக்கை இல்லாவிட்டால் கருவுறுதல் குறைகிறது. அளவுக்கு மீறிப் பிடித்த இடத்தில் இனம் மீளாமல் போவது இதனால்தான்.

மதிப்பீடு

உணவாகக் கடல் அட்டை புரதம் மிக்கது. இளமை மருந்து என்பதற்குச் சான்றில்லை. இளமையை மீட்பதாக ஒரு மருந்து கூறிக்கொள்வதை, இந்தியாவின் மருந்துகள் விதிகளிலுள்ள ‘ஜே’ அட்டவணை தடுக்கிறது. ஆகவே அந்த விதிக்கு உட்பட்ட மருந்தை அப்படிச் சொல்லி விற்றால், அந்த விற்பனை வாக்குறுதியே சட்டத்துக்குப் புறம்பானது.