மாட்டு வண்டியில் ஏறிய துணைக்கோள்

ஜொகூர்த் தோட்டங்களில் சிங்கப்பூர்த் தொலைக்காட்சியைப் பிடிக்க நாம் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். அண்ணன் வெளியே நின்று ஏரியல் கம்பத்தைத் திருப்புவார். உள்ளேயிருந்து தம்பி, "இன்னும் கொஞ்சம்! போதும், போதும்!" என்று கத்துவான். விண்ணிலுள்ள செய்தித் தொடர்புத் துணைக்கோளின் ஏரியலையும் ஏறக்குறைய இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

அத்தகைய துணைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. அதனால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அங்கே ஏணி வைத்து ஏறிப் பழுது பார்க்க முடியாது. ஆகவே, முதல் சோதனை தரையிலேயே நடக்க வேண்டும்.

இந்தியா தன் 'ஆப்பிள்' துணைக்கோளை அவ்வாறு சோதித்தபோது, திறந்த வெளியில் ஒரு மாட்டு வண்டிமேல் ஏற்றியது. அந்தப் படத்தை வகுப்பில் காட்டினால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். காரணம் வறுமையன்று. லாரியின் இரும்பு வானொலி அலைகளைத் திருப்பியடித்து அளவைக் கெடுக்கும்; மரவண்டியில் அந்தத் தொல்லை குறைவு.

1981 ஜூன் 19ஆம் நாள் தென்னமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஆப்பிள் புறப்பட்டது. சூரிய ஒளித் தகடுகளில் ஒன்று விரியவில்லை. ஆயினும் நம் அண்டையிலுள்ள சுமத்திராவுக்கு மேலே நின்று, இரண்டாண்டுகள் உழைத்தது.

தரையில் எடுத்த அளவு மட்டும் போதாது. ஏவும்போது ஏற்படும் அதிர்ச்சியும், விண்ணின் கடுங்குளிரும் வெப்பமும் ஏரியலின் அமைப்பை மாற்றிவிடலாம். எனவே தரைநிலையம் கட்டளையிட, துணைக்கோள் சிறிது சிறிதாகச் சாய்கிறது. ஒவ்வொரு சாய்விலும் அலையின் வலிமையைக் குறிக்கிறார்கள். பின்னர் அதைத் தரையில் எடுத்த அளவுடன் ஒப்பிடுகிறார்கள். அலை குறிதவறி விழுந்தால், பெறவேண்டிய ஊர்கள் சரிவரப் பெறா.

1982 ஏப்ரலில் சென்ற இன்சாட்-1ஏ துணைக்கோளின் ஏரியல் ஒன்று விரியாமல் சிக்கியது. போராடி விரித்தார்கள். ஆனால் வேறு கோளாறுகளும் சேர்ந்து, எரிபொருள் தீர்ந்து, செப்டம்பரில் அது கைவிடப்பட்டது. இந்தியா சோர்ந்துவிடவில்லை. 1983இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி பல ஆண்டுகள் பணிசெய்தது.

நம் நாட்டின் மீசாட்-1 துணைக்கோளும் 1996 ஜனவரியில் அதே கூரூவிலிருந்துதான் ஏறியது.

பெற்றோர்களே, மாட்டு வண்டிப் படத்தைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளை, அடுத்து "ஏன் லாரி இல்லை?" என்று கேட்கும். "உனக்கெதற்கு அது?" என்று அடக்கிவிடாதீர்கள். விஞ்ஞானம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.