தீர்ந்துபோகும் பொதுச்சொத்து: தென்தமிழகப் பருத்தியும் பூச்சிமருந்து எதிர்ப்புத்திறனின் பொருளாதாரமும்

மருந்துக்கு மடியும் இயல்பு பூச்சியிடம் இருக்கும்வரை அது உழவர்களின் சொத்து. ஒவ்வொரு தெளிப்பிலும் மருந்தைத் தாங்கும் மரபணு கொண்ட சில பூச்சிகள் தப்பிப் பெருகுவதால் அந்தச் சொத்து கரைகிறது. அந்துப்பூச்சிக்கு வரப்பு கிடையாது. ஆகவே இழப்பு தெளித்தவரோடு நிற்காமல் ஊர் முழுவதையும் சேர்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பகுதிகளில் நெல், மிளகாயுடன் பருத்தியும் விளைகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய இந்நிலங்களில் ஒரு தெளிப்பின் செலவே வரவு செலவை மாற்றிவிடும்.

மருந்துக்கு முந்தைய காலம்

1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளைப் பிரித்து உருவாக்கிய பழைய இராமநாதபுரம் மாவட்டம், விருதுநகர், சாத்தூர்க் கரிசலையும் உள்ளடக்கியிருந்தது. கருங்கண்ணி, உப்பம் ஆகிய நாட்டு ரகங்கள் விளைந்த சென்னை மாகாணத்துக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி வந்தது. அறுவடைக்குப் பின்னும் அதன் செடிகளை நிலத்தில் விட்டுவைத்ததால் தண்டுக் கூன்வண்டும் காய்ப்புழுவும் அடுத்த பயிருக்குத் தாவின. 1919ஆம் ஆண்டின் சென்னை வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம், குறித்த தேதிக்குள் பருத்திமாரைப் பிடுங்க ஆணையிட வழிசெய்தது. கம்போடியா பருத்தி மிகுந்த கோயம்புத்தூர்ப் பகுதியில் அது நடைமுறைக்கு வந்தது. ஒருவர் விட்டுவைத்த செடி அண்டை நிலத்துக்கும் கேடு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

மலிவான மருந்தும் அதன் விலையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி., பி.எச்.சி. மருந்துகள் பரவியதும் கூட்டுக் கட்டுப்பாட்டின் இடத்தைத் தனிநபர் தெளிப்பு பிடித்தது. 1980களில் வந்த செயற்கைப் பைரித்ராய்டுகள் குறைந்த அளவிலேயே புழுவைக் கொன்றன. ஆனால் 1987இல் ஆந்திரக் கடலோரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் பச்சைக் காய்ப்புழு அவற்றுக்கு அசையவில்லை. அளவைக் கூட்டுவது, மருந்துகளைக் கலப்பது, அடிக்கடி தெளிப்பது என உழவர்கள் முயன்றனர். புழுவை உண்ணும் நன்மைப் பூச்சிகள் அழிந்தன. வெள்ளை ஈ பெருகியது. செலவு ஏறியும் காய் தப்பவில்லை. 1990களில் இந்தியச் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 5 விழுக்காடே கொண்ட பருத்தி, நாட்டின் பூச்சிமருந்தில் ஏறக்குறைய பாதியை உட்கொண்டது.

கோட்பாட்டின் வளர்ச்சி

1959இல் ஸ்டெர்ன் உள்ளிட்ட கலிபோர்னியப் பூச்சியியலாளர்கள் பொருளாதாரச் சேதநிலை என்ற அளவுகோலை வகுத்தனர்: பூச்சியால் வரும் இழப்பு கட்டுப்பாட்டுச் செலவை எட்டும் நிலையில்தான் மருந்து தேவை. இதில் எதிர்ப்புத்திறனால் வரும் நாளைய இழப்பு இடம்பெறவில்லை. 1974இல் ஹ்யூத், ரெகெவ் ஆகிய பொருளியலாளர்கள் அதைச் சேர்த்தனர். மருந்துக்கு மடியும் தன்மையை எண்ணெய், நிலக்கரி போல எடுக்க எடுக்கத் தீரும் வளமாகக் கொண்டால், இன்றைய தெளிப்பின் உண்மை விலை கடையில் கொடுக்கும் விலையைவிட அதிகம். தனி உழவர் அந்தக் கூடுதலைக் கணக்கில் கொள்ள மாட்டார். அவர் தவிர்த்தாலும் பக்கத்து நிலத்தார் தெளிப்பார்.

பி.டி. பருத்தியும் காப்பு வரிசைகளும்

காய்ப்புழுவைக் கொல்லும் நச்சைச் செடியே உருவாக்கும்படி பாக்டீரிய மரபணு ஏற்றிய பி.டி. பருத்தி 2002 மார்ச்சில் அனுமதி பெற்றபோது இதே சிக்கல் விதைக்குள் புகுந்தது. நச்சுக்கு மடியும் புழுக்களும் பிழைத்து எதிர்ப்புத்திறன் பரவுவதைத் தாமதப்படுத்த, நிலத்தில் 20 விழுக்காடு அல்லது சுற்றிலும் ஐந்து வரிசை, இவற்றில் எது அதிகமோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தி நடவேண்டும் என்பது அன்றைய விதி. அதன் இழப்பு நட்டவருக்கு, பயன் எல்லோருக்கும் என்பதால் பலர் நடவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தில் முதல் தலைமுறை விதையை வென்றதை 2010இல் மான்சான்டோ நிறுவனம் அறிவித்தது. 2006இல் வந்த இரட்டை மரபணு விதையும் சில ஆண்டுகளில் அப்புழுவிடம் தோற்றது. சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கான தெளிப்பும் கூடியதால், முதலில் குறைந்த மருந்துச் செலவு மீண்டும் ஏறியது.

மானாவாரிக் கணக்கு

நாகபுரியின் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இப்போது பரிந்துரைப்பவை பெரும்பாலும் கூட்டு நடவடிக்கைகளே: பருவத்தை நீட்டாமல் பயிரை முடித்து மாரை அழித்தல், மருந்து வகைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தல், ஓர் இனக்கவர்ச்சிப் பொறியில் தொடர்ந்து மூன்று இரவு, இரவுக்கு எட்டு அந்துப்பூச்சிகள் வீதம் விழுந்த பின்னரே தெளித்தல். தமிழ்நாட்டில் மானாவாரி, இறவை, நெல் தரிசு எனப் பருத்தி பல பருவங்களில் விதைக்கப்படுவதால், புழுவுக்கு ஆண்டு முழுவதும் காய் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. விதைப்பை ஒருமுகப்படுத்துவது இங்கு மிகவும் அவசியம்.

மழை பொய்த்த ஆண்டில் காக்கவேண்டிய விளைச்சலின் மதிப்பே குறைவு. அப்போது தெளிப்பை நியாயப்படுத்தும் பூச்சி எண்ணிக்கை உயர்கிறது. கடனுக்கு மருந்து வாங்கும் மானாவாரி உழவர் அச்சத்தில் எதிர்த்திசையில் சென்று முன்கூட்டியே தெளிப்பது இயல்பு. இந்தப் போக்கை அரசின் கொள்கையால் மாற்ற முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு உண்டு: இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கான 57 மருந்துகளைத் தடைசெய்து, மருந்து மானியத்தையும் படிப்படியாக நீக்கி, நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியைக் கட்டுப்படுத்த வழி கண்டது. விலை, பருவம், பயிற்சி ஆகிய மூன்றையும் ஊரளவில் இணைக்கும் திட்டமே, இலைப்பேன் தாக்கும் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் பொருந்தும்.