செண்பகனூர் கல்லூரியின் பழைய ஏடுகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்தில் இருப்பது போன்ற கல்திட்டைகள் பழனி மலையிலும் உண்டு. அவற்றைப் பற்றிய நூலை 1928ல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. எழுதியவர்கள் சேசு சபைப் பாதிரியார்கள் இருவர்!

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895ல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி குருமாணவர்களுக்கானது. ஆனால் அங்கே அருங்காட்சியகம், உலர்செடிகள், சபையின் பழைய கடிதங்கள் எல்லாம் சேர்ந்தன. பாதிரியார் லூயி அங்லாட் செடிகளை நீர்வண்ணத்தில் வரைந்தார். தாளில் அழுத்தி வைத்த செடி நாளடைவில் பழுப்பேறி, பூவின் நிறமே போய்விடும். ஓவியத்தில் அது நிற்கும்.

பழனி மலைத் தாவரங்கள் பற்றி 1999ல் மூன்று தொகுதிகள் வெளியிட்ட கே. எம். மேத்யூவும் சேசு சபைக்காரர்தான். இதற்கிடையில் மலையின் புல்வெளிகளில் பெரும்பகுதி வாட்டில், யூகலிப்டஸ், பைன் தோட்டங்களாகிவிட்டது. அங்கே முன்பு என்ன பூத்தது என்று கேட்டால், காட்டுவதற்கு இந்த ஏடுகள் இருக்கின்றன.