சிறிய காரின் அப்சோர்பர்: மாற்றும் முன் அறிந்துகொள்ள வேண்டியவை

செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் தினமும் ஓடும் காரும், தாமானில் வேகத் தடைகளைத் தாண்டியே காலம் கழிக்கும் காரும் சில ஆண்டுகளில் குலுங்கத் தொடங்கும். சர்வீஸ் சென்டரில் கேட்டால் “முழு செட்டையும் மாற்ற வேண்டும்” என்பார்கள். வெளிப் பட்டறையில் கேட்டால் “ஸ்போர்ட் ஸ்பிரிங் போடலாம்” என்பார்கள். எதற்குத் தலையாட்டினாலும் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். நம் மக்கள் அதிகம் வைத்திருக்கும் பெரோடுவா மைவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைப் பார்ப்போம்.

எது எந்த வேலையைச் செய்கிறது?

2005, 2011, 2017 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று தலைமுறை மைவிகளிலும் முன்பக்கம் அப்சோர்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பு உள்ளது. பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் டோர்ஷன் பீம் அமைப்பு உள்ளது.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். குழியில் இறங்கிய பிறகு ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது அப்சோர்பர். ஆளும் சாமானும் ஏற்றியதும் பின்பக்கம் தரையைத் தொடுவதுபோல் இறங்கினால் ஸ்பிரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்குப் புதிய அப்சோர்பர் மட்டும் போட்டால் பணம்தான் வீண்.

அறிகுறிகளும் காரணங்களும்

• அப்சோர்பரின் உடலில் எண்ணெய் வழிந்திருத்தல்: அப்சோர்பரின் சீல் போய்விட்டது, மாற்ற வேண்டும்.
• மேட்டைத் தாண்டியபின் கார் பலமுறை துள்ளுதல், டயர் ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்தல்: அப்சோர்பர் வலுவிழந்திருக்கலாம்.
• மெதுவாகப் போகும்போது முன்பக்கம் ‘டக் டக்’ சத்தம்: ஸ்டெபிலைசர் லிங்க், போல் ஜாயிண்ட், லோவர் ஆர்ம் புஷ், அப்சோர்பர் மௌண்டிங் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாக இருக்கலாம்.
• கார் ஒரு பக்கம் இழுத்தல்: முதலில் டயர் காற்றழுத்தம், பிறகு அலைன்மெண்ட்.

சத்தம் வருகிறது என்பதற்காகவே நான்கு அப்சோர்பர்களையும் மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு வீடு திரும்புவது நடக்கக்கூடியதுதான். காரை ஜேக்கில் ஏற்றி, எந்தப் பாகம் ஆடுகிறது என்பதை உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள்.

தரம் உயர்த்த விரும்பினால்

காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் நல்ல தார்ச்சாலைக்கு ஏற்றது. தோட்டத்துப் பாதையில் காரின் அடிப்பாகம் அடிபடும். மேலும், பழைய அப்சோர்பரோடு அதைப் பொருத்தினால் அப்சோர்பர் அசைவதற்கான இடம் குறைந்து, அது விரைவில் கெடும்.

எடை தாங்கும் கடினமான ஸ்பிரிங் போட்டால் கார் காலியாக இருக்கும்போது குலுங்கல் கூடும். காரின் பிரேக்கும் டயரும் பழைய அளவிலேயே இருக்கும். ஆகவே ஸ்பிரிங் மாற்றியதால் ஐந்து பேர் காரில் ஏழு பேரை வேலைக்கு ஏற்றிச் செல்லலாம் என்று நினைப்பது ஆபத்து.

பெரும்பாலான குடும்பங்களுக்கு, தேய்ந்ததை நல்ல தரமான புதியதாக மாற்றுவதே போதுமான தர உயர்வு. அப்சோர்பரை இடம், வலம் சேர்த்து ஜோடியாக மாற்றுங்கள். பிரிக்கும்போதே மௌண்டிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவற்றையும் பாருங்கள். பின்னர் தனியாக மாற்றினால் கூலியை மறுபடியும் கொடுக்க நேரிடும். முன்பக்க வேலை முடிந்ததும் அலைன்மெண்ட் செய்வது அவசியம். ஹாஃப் கட் கடையில் கிடைக்கும் பழைய அப்சோர்பர் எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது, தவிர்ப்பது நல்லது.

சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டியவை

1. பாகத்தின் விலை, கூலி, அலைன்மெண்ட் கட்டணம் மூன்றையும் தனித்தனியாக எழுதிய விலைப்பட்டியல்.
2. பாகத்தின் எண். அது இருந்தால் வெளிக் கடையிலும் அதே பாகத்தின் விலையை ஒப்பிடலாம்.
3. புஷ் மட்டும் கிடைக்குமா, லோவர் ஆர்ம் முழுவதையும் வாங்க வேண்டுமா? சர்வீஸ் சென்டர்களில் பல பாகங்கள் முழுமையாகவே விற்கப்படும். இது ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் வெளிப் பட்டறையில் புஷ் மட்டும் மாற்றும் வழி இருக்கலாம்.
4. கழற்றிய பழைய பாகங்கள். வேலை தொடங்கும் முன்பே, “பாராங் லாமா தோலோங் சிம்பான்” என்று சொல்லிவிடுங்கள்.

“உடனே மாற்றாவிட்டால் ஆபத்து” என்றால் எந்தப் பாகம், ஏன் என்று கேளுங்கள். போல் ஜாயிண்ட் தளர்ந்திருந்தால் அது உண்மையான ஆபத்து, தள்ளிப்போடக் கூடாது. அப்சோர்பரில் மேலோட்டமாக எண்ணெய் ஈரம் தெரிந்தால், இன்னோர் இடத்திலும் காட்டிக் கேட்கலாம்.

உத்தரவாதமும் காப்புறுதியும்

மூன்றாம் தலைமுறை மைவி 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் உத்தரவாதத்துடன் வந்தது. கார் இன்னும் அந்தக் காலத்துக்குள் இருந்தால், பணம் கட்டும் முன் உத்தரவாதப் புத்தகத்தைப் பாருங்கள். தேய்மானப் பாகங்களுக்குத் தனி நிபந்தனைகள் இருக்கும். வெளியில் வேறு வகை ஸ்பிரிங் பொருத்தினால், அதனால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் மறுக்கப்படலாம். காரின் உயரத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் ஜேபிஜேயிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தகராறு என்றால்

தேவையற்ற வேலைக்குப் பணம் வாங்கப்பட்டாலோ, வேலை சரியாகச் செய்யப்படாவிட்டாலோ, மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் இம்மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் பதியலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் வாய்ப்பேச்சை அங்கு நிரூபிப்பது கடினம். விலைப்பட்டியல், ரசீது, பழைய பாகம், அதன் படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தால்தான் உங்கள் பேச்சுக்கு வலு இருக்கும்.