நாடகத்துத் தியாகமும் தோட்டத்து மாதரும்

மாதர் தியாகத்தைப் போற்றாத பழைய நாடகம் நம்மிடையே அரிது. சீதை தீயிற் புகுந்தாள், சந்திரமதி விலைப்பட்டாள், நல்லதங்காள் ஏழு மக்களோடு கிணற்றில் மாய்ந்தாள். கொட்டகை நிரம்ப மக்கள் அழுதனர். அழுதபின் வீடு சென்றனர். அழுதது தவறன்று. ஆயினும் அப்பெண்கள் யார்பொருட்டு அழிந்தனர், அவ்வழிவால் பயன் பெற்றவர் யாவர் என்று கேட்டவர் மிகச் சிலரே. அக்கேள்வியை ஈண்டுக் கேட்க விழைகின்றோம்.

ஜொகூரில், லாபிஸுக்கும் குளுவாங்குக்கும் இடையே, இரயில் பாதையை அடுத்துள்ள சிற்றூர் பாலோ. அதனைச் சூழ்ந்த தோட்டங்களுள் ஒன்றில் கணக்கெழுதும் கிராணி வேலை நம்முடையது. எம் பாட்டியார் சொல்லிய செய்தியொன்று உண்டு. யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் கழிந்தபின், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நல்லதங்காள் நாடகம் நடந்ததாம். பால்மரம் வெட்டும் ஆடவர்களே வேடம் புனைந்தனராம். கிணற்றுக் காட்சியில் கூட்டமெல்லாம் விம்மியபோது, பாட்டியாரின் தாயார் மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டாராம். ஏனென்று கேட்டதற்கு அவர் கூறிய மறுமொழி இது: “மதினி சோறு போடலேன்னா கெணத்துலயா விழுவாங்க? அடுத்த தோட்டத்துக்குப் போயி பேரு பதிஞ்சிருக்கலாமே!”

அம்மூதாட்டி எழுத்தறியாதவர். அவர் கணவர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர். மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர் என்பதால், நாடகக் கிணற்றின் ஆழம் அவருக்கு நம்மினும் நன்கு தெரியும்.

கணக்கெழுதுவோன் கண்ணால் இக்கதைகளைப் பார்ப்போம். ஒருவர் பேரில் பற்று எழுதினால் மற்றொருவர் பேரில் வரவு இருந்தே தீரவேண்டும். அரிச்சந்திரன் கதையில் வாக்குக் கொடுத்தவன் கணவன். காசி நகரில் மகனோடு விற்கப்பட்டவள் மனைவி. மெய் தவறாதவன் என்னும் புகழ் அவனுக்கு வரவு. விலைபோன உடல் அவளுக்குப் பற்று. நல்லதங்காள் கதையிலோ, குற்றம் முழுவதும் மூளி அலங்காரி என்னும் மற்றொரு பெண்ணின் தலையிற் சுமத்தப்படுகிறது. பஞ்சத்தில் குடிகளைக் காக்கும் கடமை எவருடையது என்று கதை வாய் திறப்பதில்லை.

இந்நாடகங்களுக்கு மேடைவடிவம் தந்தவருள் தலையாயவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). 1918-இல் அவர் மதுரையில் நிறுவிய பால சபையில் பெண் வேடங்களையும் சிறுவர்களே தாங்கினர். எழுதியவர் ஆடவர், பெண்ணாக நடித்தவரும் ஆண்பிள்ளைகளே. அழுகின்ற பங்கு மட்டுமே பெண்களுக்குக் கிடைத்தது.

இது தமிழர்க்கு மட்டும் உரிய குறையன்று. கி.மு. 438-இல் ஏதென்ஸ் நகரில் அரங்கேறியது யூரிப்பிடீஸ் இயற்றிய ‘ஆல்செஸ்டிஸ்’ நாடகம். வேறொருவர் உயிர் கொடுத்தால் அரசன் அட்மீட்டஸ் சாவினின்றும் தப்பலாம். முதிய தந்தை மறுத்தார், தாயும் மறுத்தாள், இளம் மனைவி இசைந்தாள். ஆனால் அக்கவி, மனைவியைச் சாகவிட்ட மகனைத் தந்தையே கோழையென்று இடித்துரைக்கும் காட்சியொன்றை வைத்தார். இறுதியில் ஹெராக்கிளீஸ் வீரனால் மீட்கப்பட்டு வரும் ஆல்செஸ்டிஸ் ஒரு சொல்லும் பேசாமலே நாடகம் முடிகின்றது. 1837-இல் ஆண்டர்சன் எழுதிய கடற்கன்னிக் கதையிலும் அவ்வாறே. இளவரசனை அடைவதற்கு அவள் முதலிற் கொடுத்த விலை தன் நாவே. தியாகம் செய்பவள் வாய் பேசலாகாது என்பதில் உலகம் எத்துணை ஒற்றுமை காட்டுகிறது, பாருங்கள்!

பேசிய பெண்ணொருத்தியைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. புறநானூற்றின் 246-ஆம் பாட்டைப் பாடியவள் பூதப்பாண்டியன் தேவி. கணவன் சிதையில் ஏறத் துணிந்த அவளைச் சான்றோர் தடுக்கின்றனர். அவளோ கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வாழ்வை எண்ணிக் காட்டுகின்றாள்: நெய்யற்ற பிழிந்த சோறு, எள் துவையல், வேளைக்கீரை, பாயின்றிப் பரற்கல்மேற் படுக்கை. இவற்றினும் தீயே இனிது என்பது அவள் கருத்து. இதனைக் கற்பின் சிகரமென்று வியந்தவர் பலர். நமக்கோ அது பெரும் முறையீடாகத் தோன்றுகிறது. மற்றெல்லா வாசல்களையும் அடைத்துவிட்டு, எஞ்சிய ஒன்றன்வழி வெளியேறினவளைத் தியாகி என்று புகழ்வது நேர்மையாகுமா? உடன்கட்டை ஏறுதல் 1829-இல் வங்காளத்திலும், 1830-இல் சென்னை மாகாணத்திலும் சட்டத்தால் தடுக்கப்பட்டது. சட்டம் சுடுகாட்டுத் தீயை அணைத்தது. நாடகக் கொட்டகைத் தீ நின்று எரிந்தது.

நாம் குடியேறிய இந்நாட்டிலேயே மறுத்துரைத்த பெண்ணின் கதை உண்டு. ஜொகூரின் மேற்கெல்லையிலுள்ள லேடாங் மலை இளவரசியை மலாக்கா சுல்தான் மகுமூது மணக்க விரும்பினார். பொன்னாலும் வெள்ளியாலும் பாலங்கள், கொசுவின் ஈரல் ஏழு தட்டு எனப் பலவற்றைக் கேட்ட அவள், இறுதியில் அரசன் இரத்தம் ஒரு கிண்ணமும் அவன் மகன் இரத்தம் ஒரு கிண்ணமும் கேட்டாள் என்கிறது ‘செஜாரா மெலாயு’. மற்றனைத்தும் தரலாம், இரத்தம் மட்டும் இயலாதென்று அரசன் பின்வாங்கினான். தியாகம் தன்னிடம் கேட்கப்பட்டபோது மறுக்கும் உரிமை அரசனுக்கு இருந்தது. அவ்வுரிமை சந்திரமதிக்கு ஏன் இல்லை?

இனி நம் தோட்டத்து மாதரைக் காண்போம். 1930-களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசென்றால் பெண்ணுக்கு 40 காசு. வெட்டிய மரமும் ஏறிய மேடும் ஒன்றே. குறைந்த பத்துக் காசும் பெண் செய்த தியாகமே. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு ஆட்களைக் கொண்டுசென்றபோது, மலாயாத் தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். லயங்களில் எஞ்சிய பெண்கள் கிணற்றைத் தேடிச் செல்லவில்லை; மரவள்ளி நட்டுப் பிள்ளைகளைக் காத்தனர். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டபோது, தோட்டத்துப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். அவர்களும் உயிரைப் பணயம் வைத்தவர்களே. ஆனால் ஒரு கணவனின் வாக்குக்காக விலைபோனவர்கள் அல்லர்.

இன்று பால்மரங்கள் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கிறது. நம்மவர் பலர் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். ஆயினும் “நீ பொறுத்துப் போ” என்னும் பழைய வசனம் நம் வீடுகளை விட்டு நீங்கவில்லை. நாம் பிறரைச் சாடுமுன் எம் கணக்கையும் காட்டவேண்டும். நாம் ஆங்கில வழியிற் கற்பதற்குப் பணம் வேண்டியிருந்தபோது, எம் தமக்கையார் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றார். அவரை யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் கேட்கவுமில்லை. வீட்டார் “தங்கமான பெண்” என்று புகழ்ந்தனர். நாமும் அட்மீட்டஸைப் போல வாளாவிருந்தோம். இக்கட்டுரை எழுதும் கல்வியே அவர் பேரிலுள்ள பற்றுத்தான்.

ஆகையால் நாம் வேண்டுவது தியாகத்தை இகழ்வதன்று. ஒரு பெண் தன்னை இழக்கும் கதையைக் கேட்குந்தோறும், அவளுக்கு வேறு வழி இருந்ததா, இழப்பின் வரவு யார் பேரில் என்று உசாவுக. தம் பெண் தம்பிக்காகப் படிப்பை நிறுத்துகிறேன் என்று சொல்லும்போது, அவளைப் புகழுமுன் அவள் விருப்பத்தைக் கேளுங்கள். அடுத்த திருவிழாவில் நாடகம் போடும் இளைஞர்காள்! நல்லதங்காளைக் கிணற்றங்கரை வரையில் அழைத்து வாருங்கள். அங்கே அவள் பிள்ளைகளோடு திரும்பி நடந்து, அடுத்த தோட்டத்திற் பேர் பதியட்டும். பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்த அம்மூதாட்டி பார்க்க விரும்பிய நாடகம் அதுவே.