கண்ணில் பழுதில்லை, பார்வையில் பாதி இல்லை

கண்ணிலே பழுதொன்றுமில்லை, ஆயினும் எதிரே நிற்பவனின் பாதி உருவம் புலப்படவில்லை என்று ஒரு சிப்பாய் முறையிட்டால், அவன் இழப்பை எவ்வாறு அளப்பது? 1904-05இல் நிகழ்ந்த ருஷிய-ஜப்பானிய யுத்தத்தில் தலையில் குண்டடிபட்டவர்களை ஆராய்ந்த தாட்சுஜி இனோயே என்னும் இளம் கண் வைத்தியருக்கு இதுவே பணி. அவர் கணிப்பைக் கொண்டே வீரர்களின் உபகாரச் சம்பளம் நிர்ணயிக்கப்பட வேண்டியிருந்தது.

பார்வை கண்ணோடு முடிவதன்று. இரு கண்களின் நரம்புகளும் மூளையின் அடிப்புறத்தில் கூடுகின்றன. அங்கே மூக்குப் பக்கத்து இழைகள் மட்டும் எதிர்ப்புறம் மாறுகின்றன. பாதி இழைகளே மாறக்கூடுமென நியூட்டன் 1704ஆம் ஆண்டிலேயே ஊகித்திருந்தார். கூடுமிடத்திற்கு முன் நரம்பு கெட்டால் அந்த ஒரு கண்ணே இருளும். கூடுமிடத்தைக் கட்டியொன்று அழுத்தினால் இரு கண்களிலும் வெளிப்புறப் பார்வை குன்றும். அதனைக் கடந்தபின் ஒரு புறம் கெடுமாயின், இரு கண்களுக்கும் ஒரே பக்கத்துப் பாதி மறைந்துவிடும். வைத்தியர் கண்களை ஒவ்வொன்றாக மூடச் சொல்லி, ஓரத்திலிருந்து விரலை நகர்த்திச் சோதிப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். பழுது எவ்விடத்தது என்பதையே அவர் தேடுகிறார்.

இனோயே கண்ட சிப்பாய்களின் காயம் இப்பாதையின் கடைக்கோடியில், பின்மண்டையின் உள்ளே இருந்தது. ருஷியரின் துப்பாக்கிக் குண்டு 7.62 மில்லிமீட்டர் விட்டமே உடையது, வேகமோ மிகுதி. பழைய ஈயக் குண்டைப்போல் மண்டையைச் சிதைக்காமல், ஒரு புறம் நுழைந்து மறுபுறம் வெளியேறிற்று. பலர் உயிர் பிழைத்தனர். கொலைக் கருவி திருந்தியதால் வைத்திய நூல் வளர்ந்தது என்பது நமக்கு உவப்பான செய்தியன்று. எனினும் உண்மை அதுவே.

இரு துளைகளின் இடத்தையும் அளப்பதற்கு இனோயே தாமே ஒரு கருவியை அமைத்தார். துளைகளை நேர்க்கோட்டால் இணைத்து, இடையே அழிந்த மூளைப்பகுதியைக் கணித்தார். அதனை அந்த வீரரின் பார்வையில் இருண்ட பகுதியோடு ஒப்பிட்டார். இவ்வாறு 29 பேரை ஆராய்ந்ததில், நாம் நேராக நோக்கும் நடுவிடத்திற்கு மூளையில் பெரும் பரப்பும், ஓரங்களுக்குச் சிறு பரப்புமே உண்டு என்பது புலனாயிற்று. சிப்பாயின் முறையீட்டிற்கு மண்டைக்குள்ளேயே சான்று கிடைத்துவிட்டது.

1909இல் இம்முடிபுகளை ஜெர்மன் மொழியில் நூலாக்கினார். முதல் உலக யுத்தத்தில் கார்டன் ஹோம்ஸ் பிரிட்டிஷ் வீரர்களிடம் செய்த ஆராய்ச்சி 1916 முதல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. புகழில் பெரும்பங்கு அவரையே சேர்ந்தது. இனோயேயின் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்ததோ 2000ஆம் ஆண்டில்தான். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்தத் தாமதம் சற்று உறுத்தத்தான் செய்கிறது.