கால் மில்லிமீட்டர் இடைவெளி

1857 என்றதும் நம் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவிய தோட்டா. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய விஷயம். ஆனால் தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பதில் அந்தக் குண்டின் அளவில் இருக்கிறது.

கம்பெனிச் சிப்பாய்களிடம் அதுவரை இருந்தது ‘பிரௌன் பெஸ்’ வகை மஸ்கட். அதன் குழலின் உள்விட்டம் சுமார் 0.75 அங்குலம். உருண்டையான காரீயக் குண்டோ சுமார் 0.69 அங்குலம்தான். குழலின் வாய் வழியாகப் போட்டால் தொளதொளவென்று இறங்கிவிடும். சுடும்போது அதே குண்டு குழலின் சுவரில் இங்கும் அங்கும் மோதிக்கொண்டு வெளியேறும். நூறு கெஜத்துக்கு அப்பால் குறி தப்பாமல் சுடுவது அதிர்ஷ்டம்தான்.

ரைபிள் வேறு மாதிரி. குழலின் உள்ளே திருகு போல் பள்ளங்கள் வெட்டியிருக்கும். அவற்றைக் கவ்விக்கொண்டு குண்டு சுழன்றபடி பறந்தால் குறி நிற்கும். ஆனால் கவ்வும் அளவுக்குப் பெரிய குண்டை வாய் வழியாக இடித்து இறக்கப் போர்க்களத்தில் நேரம் ஏது? குண்டு தளர்ந்திருந்தால் குறி போகும். இறுகியிருந்தால் வேகம் போகும்.

இந்தச் சிக்கலுக்கு 1840களின் இறுதியில் வழி கண்டவர் பிரெஞ்சு ராணுவ அதிகாரி மினியே. அவருடைய குண்டு நீளமானது, அடியில் குழிவானது, குழலைவிடச் சற்றுச் சிறியது. அதனால் சுலபமாக இறங்கும். மருந்து வெடிக்கும்போது அடிப்பக்கம் விரிந்து பள்ளங்களை நிரப்பிக்கொள்ளும். இதற்குக் காரீயம் கலப்பில்லாமல் மெதுவாக இருக்க வேண்டும். வெள்ளீயமோ ஆன்டிமனியோ கலந்து கெட்டியாகிவிட்டால் சரியாக விரியாது.

இதே முறையில் வந்ததுதான் 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைபிள். குழல் 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம். இரண்டுக்கும் வித்தியாசம் 0.009 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நம் தச்சர்கள் ‘ஒரு நூல்’ என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த நூலிலும் பதினாலில் ஒரு பங்குதான் இந்த இடைவெளி.

அதை நிரப்பியது குண்டைச் சுற்றியிருந்த காகிதம். கரிமருந்து எரிந்தால் குழலில் கசடு படியும். சில முறை சுட்டதும், ஏற்கெனவே இறுக்கமான குண்டு இறங்க மறுக்கும். அதனால்தான் அந்தக் காகிதத்தின் மேல் மெழுகும் கொழுப்பும் கலந்து தடவினார்கள்.

தோட்டாவின் மருந்து முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டிவிட்டு, பிறகு தோட்டாவைத் திருப்பிக் குண்டை இறக்க வேண்டும். கொழுப்பு தடவியது கடிக்கும் முனையில் அல்ல, மறு முனையில். ஆனாலும் கையில் பட்டது வாயில் படாதா என்று சிப்பாய் நினைத்ததில் என்ன தவறு? அது எந்த விலங்கின் கொழுப்பு என்று உறுதிசெய்துகொள்ள ஒழுங்கான ஏற்பாடு இருக்கவில்லை.

இத்தனைக்கும் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. கொழுப்பு தடவிய தோட்டாக்கள் 1853இல் சோதனைக்காக இந்தியா வந்தபோதே, சிப்பாய்களின் மதத்துக்கு ஆகாத கொழுப்பாக இருக்கக் கூடாது என்று வங்காளப் படையின் கர்னல் டக்கர் எழுதியிருந்தார். அது கவனிக்கப்படவில்லை.

1857 ஜனவரியில் டம்டமில் வதந்தி கிளம்பியது. சிப்பாய்களே தங்களுக்குப் பிடித்த எண்ணெயோ மெழுகோ தடவிக்கொள்ளலாம் என்று அரசு இறங்கிவந்தது. அதற்குள் சந்தேகம் காகிதத்தின் மேலேயே விழுந்துவிட்டது. பிப்ரவரி 26 அன்று பெர்ஹாம்பூரில் 19ஆம் படைப்பிரிவு மறுத்தது. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். மே 10 அன்று மீரட் வெடித்தது.

தோட்டா மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. முந்தைய ஆண்டு அவத் பறிபோனது, படியிலும் பணி நிபந்தனைகளிலும் கைவைத்தது என்று மனக்குறைகள் ஏராளம். ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்த குறை இது.

பிற்பாடு ஆங்கிலேயர்கள் என்ஃபீல்டு குண்டை 0.550 அங்குலமாகக் குறைத்தார்கள். இடைவெளி மூன்று மடங்கானது. குண்டு நன்றாக விரிவதற்கு அடிக்குழியில் ஒரு சிறு மரச்செருகு வைத்தார்கள், பிறகு களிமண் செருகு. கசடு படிந்த குழலிலும் குண்டு எளிதாக இறங்கியது.

1806இல் நம் வேலூர்க் கோட்டையில் தோல் பொருத்திய தலைப்பாகையும், நெற்றிக்குறி கூடாது என்ற உத்தரவும் என்ன செய்தன என்பது கம்பெனிக்குத் தெரியும். ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே கம்பெனி, குண்டின் விட்டத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை துல்லியமாக அளந்தது. அதைக் கையில் வாங்கப் போகிறவன் மனதில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.